என் சக்களத்தி ஒரு பாய்லர்

மற்ற பெண்களுக்குச் சக்களத்தி வந்தால் அழகாகவாவது வருவாள். எனக்கு வாய்த்தவள் இரண்டு ஆள் உயரம், உடம்பெல்லாம் துரு, தின்பது நிலக்கரி. நானும் என் வீட்டுக்காரரும் வேலை பார்க்கிற தக்காளி சாஸ் தொழிற்சாலையின் பாய்லர் அவள். அவர் அதற்கு ஆபரேட்டர். ஆபரேட்டர் என்பது சம்பளச் சீட்டில்தான், நிஜத்தில் கொத்தடிமை.

கல்யாணமான புதிதில், சாஸ் காய்ச்சுகிற அண்டாக்களுக்கு நீராவி அனுப்புகிற வேலைதானே, ஷிஃப்ட் முடிந்ததும் வந்துவிடுவார் என்று நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வாசல்வரை வந்தவர், "ஒரு தடவை மீட்டரைப் பாத்துட்டு வந்துடறேன்" என்று திரும்பிப் போவார். எனக்குக் காய்ச்சல் என்றால் தொட்டுக்கூடப் பார்க்காமல், "மாத்திரை போட்டுட்டுப் படு" என்பார். அவளுக்கு ஒரு வால்வில் கசிவு என்றால் அவருக்குச் சோறு இறங்காது. அவர் சட்டையைத் துவைக்கும்போது வருவதும் அவள் வாசனைதான். வயிறு எரியுமா, எரியாதா?

ஒரு நாள் முதலாளி எங்களையெல்லாம் கேன்டீனில் கூட்டி வைத்துப் பேசினார். பூமி சூடாவதைக் குறைக்க உலக நாடுகள் சேர்ந்து போட்ட ஒப்பந்தத்துக்கு நம் கம்பெனியும் ஆதரவு தருகிறது, இனி இங்கே நிலக்கரி கிடையாது, மின்சார பாய்லர் வருகிறது என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

லேபிள் ஒட்டுகிற பிரிவின் சூப்பர்வைசர் அக்கா என் காதைக் கடித்தாள். "போன வருஷம் இதே மனுஷன்தான், சாப்பாட்டுக் கம்பெனிக்காரங்க சங்கத்துல நின்னு, இந்த ஒப்பந்தம் வந்தா விலை ஏறி ஜனங்க பட்டினி கிடப்பாங்கன்னு கத்தினாரு. இப்ப வெளிநாட்டு சூப்பர்மார்க்கெட்காரன், நிலக்கரியில காய்ச்சின சரக்கை எடுக்க மாட்டேன்னுட்டான். அதான் திடீர்னு பூமி மேல பாசம் பொத்துக்கிட்டு வருது."

"யாருக்கு எது மேல பாசம் வந்தா நமக்கென்னக்கா? பீடை ஒழிஞ்சா சரி" என்றேன்.

தொழிலாளர்களும் கையெழுத்துப் போட ஒரு பெரிய துணியைக் கட்டியிருந்தார்கள். முண்டியடித்துக்கொண்டு முதல் கையெழுத்தை நான் போட்டேன். தயங்கி நின்றவர்களையும் கையைப் பிடித்து இழுத்து வந்து போட வைத்தேன். பூமி மேல் எனக்கு எவ்வளவு அக்கறை என்று எல்லோரும் மெச்சினார்கள். பூமி கிடக்கட்டும், எனக்கு என் புருஷன் வேண்டும்.

அவளைக் கழற்றி லாரியில் ஏற்றிய அன்று, கறி வாங்கி வந்து சமைத்தேன். அவர் தட்டைத் தொடவே இல்லை.

"புதுசு எப்படிங்க இருக்கு?"

"பட்டனைத் தட்டினா ஓடுது. அதுக்கு நான் எதுக்கு?"

"பழைய இரும்புக்குப் போன சனியனை மறந்துட்டுச் சாப்பிடுங்க."

"பழைய இரும்புக்கா? யார் சொன்னா? அவ கடல் தாண்டிப் போறா. அங்க முதலாளியோட மச்சான் ஒரு ஃபேக்டரி வச்சிருக்காரு. தக்காளியை அங்க காய்ச்சி விழுதா அனுப்புவாங்க. நாம சூடு பண்ணி பாட்டில்ல அடைக்கணும்."

"அங்க மட்டும் புகை வராதா?"

"வரும். ஆனா அது நம்ம கணக்குல சேராதாம்."

அடப் பாவி! இதற்கா நான் முண்டியடித்தேன்? முதலாளிக்கும் அவர் மச்சானுக்கும் வாயில் வந்தபடி அர்ச்சனை செய்தேன். இவர் காதில் எதுவும் விழவில்லை.

"அவளை ஓட்டத் தெரிஞ்ச ஆள் அங்க இல்லையாம். ரெண்டு வருஷத்துக்கு என்னைக் கூப்பிடறாங்க" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கல்யாணத்தன்றுகூட நான் அதைப் பார்த்ததில்லை.

"நான் வேண்டாம்னு சொன்னா?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"நீ எப்படியும் சமாளிச்சுக்குவே. அவளுக்கு அங்க யார் இருக்கா?"

வயிறு எரிய எரிய, அவர் சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கினேன்.