எவெரால்டோவின் வியர்க்காத டிரான்சிஸ்டர்

எவெரால்டோவுக்குப் பழையது என்றால் ஆகாது. போனில் புதுப் பதிப்பு வந்த அன்றே ஏற்றிவிடுவார். டி.வி.யில், காரில், வீட்டு வாசல் பூட்டில் என்று எதில் அப்டேட் வந்தாலும் முதல் ஆள் அவர்தான். ஒரு முறை அந்தப் பூட்டு தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் மனைவி நெய்வா வாங்கிய மீன் கையில் நாற, மழையில் வெளியே நின்றாள். அதற்கும் அவர் அசரவில்லை. "இப்ப எவ்வளவு வேகமா திறக்குது பாத்தியா?" என்றுதான் கேட்டார்.

அவர்கள் ஊரான சாந்தா ரீத்தாவில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் வாசலில்தான் விழ வேண்டும். அதில் ஒன்று டோனா எலிசேயா என்ற அம்மாளுடையது. மாட்டுப் பண்ணைகளுக்கு மின்வேலிப் பெட்டி செய்கிற கம்பெனி. பேட்டரியிலிருந்து கொஞ்சம் மின்சாரத்தை எடுத்து, விநாடிக்கு ஒரு முறை கம்பியில் சுளீரென்று ஒரு அடி கொடுக்கும் பெட்டி. மாடு ஒரு தடவை மூக்கை வைத்தால் மறு தடவை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. அங்கே வடிவமைப்புப் பிரிவுக்கு எவெரால்டோ தலைவர். தலைவருக்குக் கீழே இருந்தது மூன்று பேர். அதில் ஒருத்தி ஜுலெய்டி. அவரோடு ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில் படித்தவள்.

வேலை தெரியாதவர் என்று எவெரால்டோவைச் சொல்ல முடியாது. அதுதான் இதில் வயிற்றெரிச்சல். வாலிபத்தில் அவர் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். சர்க்யூட்டைக் கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கிற மென்பொருளில் ஒவ்வொரு உதிரிப் பாகத்துக்கும் ஒரு மாதிரி இருக்கும். இந்த டிரான்சிஸ்டர் இப்படி நடந்துகொள்ளும் என்று அதில் எழுதியிருக்கும். எழுதியவர்கள் விற்கிறவர்கள். மாப்பிள்ளை வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வது போலத்தான் அது இருக்கும். அந்த டிரான்சிஸ்டருக்குக் களைப்பு கிடையாது, வியர்வை கிடையாது. எவெரால்டோ அதை நம்பாமல், கம்பெனி வாங்குகிற டிரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்து, சூடேற்றி, அளந்து, விரலைச் சுட்டுக்கொண்டு, உண்மையான எண்களை மென்பொருளின் நூலகக் கோப்பிலேயே திருத்தி எழுதினார். அதற்குப் பிறகு திரையில் சூடாகும் என்று வந்தால் மேசையிலும் சூடானது. அவர் செய்த பெட்டிகள் பண்ணைகளில் வெயிலிலும் மழையிலும் ஓடின. தலைவர் நாற்காலி வந்ததும் அதனால்தான்.

நாற்காலி வந்த பிறகு அளப்பதை விட்டுவிட்டார். கூட்டங்களில் பேச ஆரம்பித்தார்.

"நீ இன்னும் அந்தப் பழைய பதிப்பையா வச்சிருக்க?" என்று ஜுலெய்டியைத் தினமும் சீண்டுவார். "உன் கம்ப்யூட்டரைப் பாத்தா எனக்கு மியூசியம் ஞாபகம் வருது. டிக்கெட் போட்டு உள்ள விடலாம்."

"ஓடுது இல்ல?" என்பாள் அவள், சீஸ் ரொட்டியை மென்றுகொண்டே.

"ஓடுறதெல்லாம் ஓட்டமா? கழுதைகூடத்தான் ஓடுது."

"கழுதை ஒழுங்கா வீடு வந்து சேருது எவெரால்டோ."

சர்க்யூட் மென்பொருளின் புதுப் பதிப்பு வந்த நாள் அவருக்குத் திருவிழா. எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். தன் பீன்ஸும் சோறும் ஆறிக்கொண்டிருக்க, எவெரால்டோ மேசை மேசையாகப் போய்ப் புதுப் பதிப்பை ஏற்றினார். ஒவ்வொரு கணினியும் நடுவில் ஒரு கேள்வி கேட்டது: ஏற்கெனவே உள்ள நூலகக் கோப்புகளைப் புதியவற்றால் மாற்றவா? கட்டத்தில் அதுவே குறியும் போட்டு வைத்திருந்தது. அவர் 'ஆம்' என்பதை அமுக்கினார். மாற்றாமல் எதற்கு அப்டேட்? ஜுலெய்டியின் கணினியை மட்டும் தொட முடியவில்லை. அவள் அதைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தாள்.

சாப்பிட்டுத் திரும்பியவர்களுக்கு முதல் ஒரு வாரம் சத்திய சோதனை. பாகத்தை நகர்த்த இத்தனை நாள் அமுக்கிய பொத்தானை அமுக்கினால் பாகம் அழிந்துபோனது. பழைய வரைபடத்தைத் திறந்தால் சில கம்பிகள் எங்கும் சேராமல் அந்தரத்தில் தொங்கின. ஒருவன் வாய்விட்டே திட்டினான்.

"பழகிடும். புதுச் செருப்பு கடிக்கத்தான் செய்யும்," என்றார் எவெரால்டோ.

அப்போது கையில் இருந்த வேலை புது மின்வேலிப் பெட்டி. பக்கத்து ஊர் மாட்டுக் கண்காட்சியில் பால் கூட்டுறவுக்காரர்கள் முன்னால் காட்ட வேண்டும். எவெரால்டோ அதைப் புதுப் பதிப்பில் ஓட்டினார். முடிவு வந்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். டிரான்சிஸ்டர் சூடாகவே இல்லை. போன பதிப்பில் இதே சர்க்யூட் அடுப்பு மாதிரி கொதித்திருந்தது. இப்போது தொட்டிலில் தூங்கும் குழந்தை மாதிரி இருந்தது.

வேறொருவராக இருந்தால், நேற்றுவரை கொதித்தது இன்றைக்கு எப்படிக் குளிர்ந்தது என்று ஒரு நிமிடம் தலையைச் சொறிந்திருப்பார். எவெரால்டோ டோனா எலிசேயாவின் அறைக்கு ஓடினார்.

"டோனா எலிசேயா, இத்தனை வருஷமா நாம தேவையில்லாம பயந்திருக்கோம். பழைய மென்பொருள் தப்பாக் கணக்குப் போட்டிருக்கு. இந்தப் பெட்டிக்கு உள்ள சூட்டை இழுக்கிற அந்தப் பெரிய அலுமினியத் தகடே வேண்டாம். எடுத்துட்டா பெட்டி பாதியாச் சுருங்கிடும்."

டோனா எலிசேயா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து கம்பெனி தொடங்கியவர். எல்லோரையும் எட்டாம் வகுப்பு மாணவனைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார். "சரியாத் தெரியுமா உனக்கு?"

"கம்ப்யூட்டர் சொல்லுது."

"நான் உன்னைக் கேட்டேன்."

"எனக்கும் தெரியும்," என்றார் எவெரால்டோ. அதைச் சொன்னபோது அவர் நம்பித்தான் சொன்னார்.

தகடு இல்லாத பெட்டி ஒன்று தயாரானது. சோப்புப் பெட்டி அளவில், வெள்ளையாக, பார்க்க அழகாகவே இருந்தது. குளிர்சாதன அறையில் வைத்து, ஒரு காப்பி குடிக்கிற நேரம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஓடியது. ஜுலெய்டி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒரு நாள் முழுக்க வெயில்ல ஓடவிடு. தகடு இல்லாம இந்தச் சூடெல்லாம் எங்க போகுதுன்னு எனக்குப் புரியல."

"உனக்குப் புரியாததுக்கெல்லாம் நான் வெயில்ல நிக்க முடியுமா?" என்றார் எவெரால்டோ. அறையில் இருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். தலைவர் சொன்ன நகைச்சுவை அல்லவா. அவள் பெட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கண்காட்சி நாளில் மேகம் ஒரு துளி இல்லை. கூட்டுறவுக்காரர்கள் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு வந்து நின்றார்கள். எவெரால்டோவின் அரங்குக்கு முன்னால் கம்பி கட்டி, அதற்குள் நாலைந்து கறவை மாடுகள். கம்பிக்கு இந்தப் பக்கம் நீள மேசையில் சோள ரொட்டி, புதுச் சீஸ், பால் இனிப்பு, மக்காச்சோளக் கதிர்களும் பூவும் வைத்த அலங்காரம். எல்லாம் டோனா எலிசேயாவின் ஏற்பாடு. எவெரால்டோ காலையிலிருந்தே பெட்டியை ஓடவிட்டிருந்தார். மூடிய பெட்டி, உச்சி வெயில்.

அவர் மைக்கைப் பிடித்தார். "தோழர்களே, உங்க கொட்டகையில இருக்கிற பெட்டியெல்லாம் பழைய காலத்துது. தகரமும் அலுமினியமுமா ஒரு மூட்டை. இதைப் பாருங்க. உள்ள கனமா ஒண்ணுமே கிடையாது!"

செயு ஜெராசிமோ என்ற பெரியவர் முன் வரிசையில் இருந்தார். ஊரில் பாதி மாடு அவருடையது. "ஒண்ணும் இல்லைன்னா எதுக்குய்யா வாங்கணும்?" என்றார். சிரிப்பு கிளம்பியது.

"அறிவு இருக்கு செயு ஜெராசிமோ, அறிவு!"

அந்த நேரத்தில் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்த பெட்டி நின்றது. எவெரால்டோ கவனிக்கவில்லை. வெள்ளை மூடியின் ஓரத்தில் பழுப்பு நிறம் படர்ந்து, வாணலியில் ரப்பர் போட்டால் வருகிற நாற்றம் வந்தது. அப்புறம் ஒரு மெல்லிய புகை, சுருட்டுப் புகை போல நிதானமாக.

மாடுகளில் கபில நிறத்தது ஒன்று கம்பியில் மூக்கை வைத்தது. வைத்த மூக்கை எடுக்கவில்லை. ஒரு மூச்சு விட்டுவிட்டு, கம்பியை நெஞ்சால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. பின்னால் மற்றவை. மக்காச்சோள அலங்காரம் முதலில் போனது. பிறகு பூ. ஒரு மாடு எவெரால்டோவின் மைக்கை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் துப்பியது. அது மெல்லும் சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது.

"அறிவாளிதான்யா," என்றார் செயு ஜெராசிமோ. "மாட்டைச் சொன்னேன்."

அந்த வாரம் முழுக்க எவெரால்டோ காரணம் தேடினார். முதலில் டிரான்சிஸ்டர் விற்றவன் போலியைக் கொடுத்துவிட்டான் என்றார். பிறகு வெயில் வழக்கத்தைவிட அதிகம் என்றார். ஒரு கட்டத்தில் மாட்டின் மீதும் லேசாகச் சந்தேகம் இருந்தது. திரையில் மட்டும் எத்தனை முறை ஓட்டினாலும் டிரான்சிஸ்டர் குளுகுளுவென்றே இருந்தது.

கடைசியில் பழைய பதிப்பில் ஓட்டிப் பார்ப்போம் என்று தோன்றியது. அங்கே அடுத்த அடி விழுந்தது. புதுப் பதிப்பில் சேமித்த கோப்பைப் பழையது திறக்க மறுத்தது. எல்லாக் கணினியிலும் பழைய கோப்புகளைப் புது வடிவத்துக்கு மாற்றியும் ஆகிவிட்டது, அவர் கையாலேயே. திரும்பிப் போக வழி ஒன்றுதான் இருந்தது. அது ஜன்னலோரத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தது.

நாற்காலியை இழுத்துக்கொண்டு போனார். "ஜுலெய்டி, கொஞ்சம் உன் கம்ப்யூட்டர்…"

"டிக்கெட் எடுத்தியா?"

அவர் நாற்காலியை அவள் பக்கத்தில் போட்டார். அவளும் மேலே இழுக்காமல் நகர்ந்து இடம் கொடுத்தாள். கோப்பு திறக்காததால் சர்க்யூட்டை முதலிலிருந்து வரைய வேண்டியிருந்தது. அவர் ஒவ்வொரு பாகத்தின் அளவையும் படிக்க, அவள் வரைந்தாள். ஓட்டியதும் டிரான்சிஸ்டரின் சூடு திரையின் மேல் விளிம்பைத் தாண்டிப் போனது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாதிரியைத் திற," என்றார் எவெரால்டோ.

அவள் நூலகக் கோப்பைத் திறந்தாள். டிரான்சிஸ்டரின் பெயருக்கு மேலே ஒரு வரி: 'விற்கிறவன் பொய் சொல்கிறான். இது நான் சூடேற்றி அளந்தது. இதன் மேல் கை வைக்கிறவன் கையை ஒடிப்பேன். எவெரால்டோ.'

"ஒடிக்கிறியா, நான் ஒடிக்கட்டுமா?" என்றாள் ஜுலெய்டி.

அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதே கோப்பு, அதே பெயர். அப்டேட் வந்து அவர் எழுதியதை வழித்துப் போட்டுவிட்டு, விற்கிறவனுடைய பளபளப்பான பொய்யை அதே இடத்தில் உட்காரவைத்திருந்தது. பெயர் மாறாததால் மென்பொருளுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. தன் உழைப்பைத் தனி இடத்தில் வைக்காமல், வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிப்பது போல அடுத்தவன் கோப்பில் எழுதிவைத்தவரும் அவர்தான்; சுவரை இடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். பிறகு விரலிடுக்கில் பார்த்தபடி, "நல்லாத்தான் அளந்திருக்கேன் இல்ல?" என்றார்.

"நல்லாத்தான் அளந்திருக்க," என்றாள் அவள். அது கேலியில்லை.

டோனா எலிசேயாவிடம் அவரே போய்ச் சொன்னார். அந்த அம்மாள் கடைசிவரை கேட்டுவிட்டு, இனிமேல் இந்தக் கம்பெனியில் எவனும் எதையும் புதுப்பிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். வடிவமைப்பு அறையின் இணைய இணைப்பே துண்டிக்கப்பட்டது. எல்லாக் கணினியிலும் பழைய பதிப்பு திரும்பி வந்தது. ஜுலெய்டிக்கு நடை கொஞ்சம் மாறியது. மியூசியம்தான் காப்பாற்றியது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள். இரண்டு மாதம்கூட அந்தப் பெருமை நிற்கவில்லை. மின்மாற்றி தருகிறவர்கள் அனுப்பிய புது மாதிரியை அவளுடைய பழைய பதிப்பு திறக்கத் தெரியாமல் விழித்தது. அவள் ஒரு வாரம் முட்டிப் பார்த்துவிட்டு, சொந்தச் செலவில் வீட்டில் புதுப் பதிப்பை ஏற்றி, அங்கே ஓட்டி, முடிவைத் திருடன் மாதிரி அலுவலகத்துக்குக் கொண்டுவந்தாள். எவெரால்டோ பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. பிறகு இருவரும் சேர்ந்து போய் டோனா எலிசேயாவிடம் பேசி, ஒரே ஒரு கணினியில் மட்டும் புதுப் பதிப்பை ஏற்றிப் பார்ப்பது, தங்கள் மாதிரிகளைத் தனி அறையில் பூட்டிவைப்பது போலத் தனியாக வைத்திருப்பது, பழைய சர்க்யூட் பத்தையாவது இரண்டிலும் ஓட்டி முடிவு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது என்று உத்தரவைத் தளர்த்த வைத்தார்கள்.

பெட்டி அலுமினியத் தகட்டோடு விற்பனைக்கு வந்தது. 'குளிர்ச்சித் தகட்டுடன் கூடிய மேம்பட்ட வடிவம்' என்று விளம்பரத்தில் போட்டார்கள். அந்த வாசகத்தை எழுதியது எவெரால்டோ. திருந்துவதற்கும் ஒரு எல்லை உண்டு.

அலுவலகத்தில் வந்த புத்தி வீட்டில் வேறு மாதிரி வேலை செய்தது. சூடுபட்ட பயத்தில் வீட்டிலிருந்த எல்லாவற்றிலும் அப்டேட்டை நிறுத்திவிட்டார், நெய்வாவிடம் சொல்லாமல் அவள் போன் உட்பட. ஆறேழு மாதம் கழித்து அவள் செய்தி அனுப்பும் செயலி ஒரு நாள் சத்தமில்லாமல் உயிரை விட்டது. ஒருவரும் நமக்கு எழுதவில்லையே என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த அந்த இரண்டு வாரத்தில் அவளுடைய தங்கை ஜந்திராவின் குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்து முடிந்தது. நெய்வாதான் ஞானத்தாயாக நின்றிருக்க வேண்டியவள்; தேதியை ஜந்திரா அந்தச் செயலியில்தான் அனுப்பியிருந்தாள்.

விஷயம் தெரிந்ததும் நெய்வா கத்தவில்லை. காரின் சாவியை அவர் முன்னால் வைத்தாள். "நான் வரமாட்டேன். நீயே போய்ச் சொல்லு. நான் ஏன் வரலைன்னு உன் வாயாலயே சொல்லு."

எவெரால்டோ ஒரு வட்டச் சீஸும் கொய்யா அல்வாவும் வாங்கிக்கொண்டு போனார். ஜந்திரா கதவைத் திறந்து, அவரையும் சீஸையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் வாசலிலேயே நின்று, டிரான்சிஸ்டரில் ஆரம்பித்து, மாடு வழியாக, போன்வரை எல்லாவற்றையும் சொன்னார். 

"முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது."

"எங்க அக்கா செத்துப்போயிட்டாளோன்னு நினைச்சேன் எவெரால்டோ. அடுத்த தடவை ஒரு வார்த்தை வந்து சொல்லு. ரெண்டு ஊர் தள்ளித்தான இருக்கோம்." சீஸை வாங்கிக்கொண்டு, குழந்தையை அவர் கையில் திணித்துவிட்டு, காப்பி போட உள்ளே போனாள். குழந்தை அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, நிதானமாக, தோளில் பால் கக்கியது.