முத்தக் கதவில் ஆம்ப்ரோஸ்

லிட்டில் பிரான்லியில் ஆம்ப்ரோஸ் டிக்னரைப் போல மரியாதை தெரிந்த மனிதர் இல்லை. அந்த மரியாதையால் அவர் பட்ட பாட்டுக்கும் கணக்கில்லை.

இந்தப் பக்கத்துச் சாலைகள் ஒரே ஒரு வண்டி போகிற அகலம்தான். இரண்டு பக்கமும் ஆளுயர முள்வேலி. எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்னாலேயே போய் ஒதுங்க வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் ஆம்ப்ரோஸ்தான். பள்ளிக்கூட பஸ் ஓட்டிய காலத்தில், பிள்ளைகள் நிறைந்த பஸ்ஸை ஒரு சைக்கிளுக்காகக்கூடப் பின்னால் எடுத்திருக்கிறார். ஒருநாள் எதிரே பாதிரியார் காரில் வந்தார். அவரும் மரியாதைக்காரர். இவர் பின்னால் போக, அவரும் பின்னால் போக, ஆளுக்கொரு கோடியில் நின்றுகொண்டு, ‘நீங்க வாங்க’ என்று விளக்கை மினுக்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் கிளம்பி, மறுபடியும் நடுவில் முட்டிக்கொண்டு நின்றார்கள். அன்றைக்குக் கணக்குப் பரீட்சைக்கு பஸ் போய்ச் சேரவில்லை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து ஆளான பிறகும் அவரைக் கண்டால் கும்பிடாத குறைதான்.

அவருக்குக் கல்யாணம் ஆனதே ஹெட்டி வாய் திறந்து கேட்டதால்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வீட்டு வாசலில் நின்று மழையைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் இரண்டு கோடைக்காலம் பேசினார் மனிதர். மூன்றாவது கோடையில் ஹெட்டிக்குப் பொறுமை போயிற்று. “மழை வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். நீ என்னைக் கட்டிக்கிறியா இல்லையா?” என்றாள். சந்தோஷமாகத்தான் வாழ்ந்தார்கள். அவள் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. இப்போது வீட்டில் அவரும் பிக்கிள் என்கிற குட்டை நாயும்தான். நாய் சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகுதான் அவர் தட்டைத் தொடுவார்.

இப்படிப்பட்டவருக்கு ஓல்வென் பிராஸர் மேல் மனது போனது.

ஓல்வென், செத்துப்போன தபால்காரர் பிராஸரின் மனைவி. ஊர் மன்றத்தில் டீ அண்டா அவள் ஆட்சியில்தான். வால்நட் கேக்கை அவள் வெட்டும்போது ஆம்ப்ரோஸின் தட்டில் மட்டும் துண்டு தடிமனாக விழும். ஊரில் இது தெரியாத ஆள் கிடையாது. ஆம்ப்ரோஸ் மட்டும் கத்திதான் மழுங்கிக் கோணலாகப் போகிறது என்று நினைத்தார். ஒருநாள் அதை வாங்கிக்கொண்டு போய்ச் சாணை பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். ஓல்வென் கத்தியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அண்டாவுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள்.

இனி அந்த முத்தக் கதவு. டிங்கர் காட்டுக்குள் நுழைகிற இடத்தில் இருக்கிறது. வளைவாக ஒரு வேலி, அதற்குள் இப்படியும் அப்படியும் ஆடுகிற ஒரு சின்னக் கதவு. ஆடுமாடு நுழையாது. மனிதர்கள் ஒவ்வொருவராகத்தான் போக முடியும். முதலில் போனவர் மறுபக்கம் நின்று கதவைப் பிடித்துக்கொண்டால், பின்னால் வருகிறவர் உள்ளே மாட்டிக்கொள்வார். அப்போது முன்னால் போனவர் சுங்கம் கேட்கலாம். சுங்கம் ஒரு முத்தம். கொடுத்தால் கதவு திறக்கும். பிடிக்கவில்லை என்றால் சிரித்துவிட்டுத் திரும்பிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பிரான்லியில் பாதிக் கல்யாணங்கள் அங்கே தொடங்கியவைதான். மீதிப் பாதியைப் பற்றி நான் வாயைத் திறக்கப்போவதில்லை.

அந்தக் கதவை எடுத்துவிட்டு அகலமான கதவு வைப்பதென்று ஊர்க்கூட்டத்தில் முடிவாயிற்று. மே மாதம், காட்டில் நீலமணிப் பூ பூக்கிற ஞாயிறன்று அதைப் பார்க்க வருகிறவர்களின் நடை முடிந்ததும், மறுநாள் காலையில் ஆள் வந்து பிடுங்கிவிடுவான்.

அந்த வாரம் சாராயக்கடையில் ஆம்ப்ரோஸ் ஆப்பிள் சைடரை முன்னால் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். எதிரே கிளெம் யாப். ஆட்டுப்பண்ணைக்காரன், சின்ன வயதிலிருந்து இவருடைய கூட்டாளி.

“டேய் ஆம்ப்ரோஸு, கதவை எடுக்கணும்னு நீயே கையைத் தூக்கிட்டு, இப்ப எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போடற?”

“பக்கத்துல மிஸ் ஃபாக்ஸ்டன் உக்காந்திருந்தாங்கப்பா. அவங்க சக்கர நாற்காலி அதுல போகாது. எத்தனை வருஷமா வெளியில நின்னே பூவைப் பாக்கறாங்க. எப்படித் தூக்காம இருக்கறது?”

“அது நியாயம்தான். நானும்தான் தூக்கினேன். அப்புறம் என்ன?”

ஆம்ப்ரோஸ் குரலைத் தாழ்த்தினார். “இந்தத் தடவை ஓல்வெனும் நடக்க வராளாம். அண்டாவை உன் பொண்டாட்டிகிட்ட ஒப்படைச்சுட்டு வராளாம். எடுக்கறதுக்குள்ள கதவைப் பாக்கணுமாம்.”

“கதவைப் பாக்கவா? ஐயோ, ஐயோ!” கிளெம் மேஜையைத் தட்டினான். “அந்த அண்டாவை விட்டு அசையாதவ, துருப்புடிச்ச கதவைப் பாக்க வராளாம். உன் மண்டைக்குள்ள என்னடா இருக்கு, வைக்கோலா?”

“நான் என்ன பண்ணணும்கற?”

“முன்னாடி போ. அவ உனக்குப் பின்னாடி வரட்டும். கதவைக் கெட்டியாப் புடிச்சுக்க. சுங்கம் குடுன்னு கேளு. முடிஞ்சுது.”

“வேணாம்னுட்டா?”

“வேணாம்னா சிரிச்சுட்டு விட்டுடு. அங்க கேட்டா மானம் போகாது. வேற எங்க போய் இதைக் கேப்ப நீ? அண்டா பக்கத்துல, அத்தனை பொம்பளைங்க நடுவுலயா? இந்த ஞாயித்துக்கெழமைய விட்டா கதவும் கிடையாது, உனக்கு வாயும் கிடையாது. முன்னாடி போகணும், ஞாபகம் வச்சுக்க. முன்னாடி!”

“முன்னாடி,” என்றார் ஆம்ப்ரோஸ். சனிக்கிழமை முழுக்க அதையே பிக்கிளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தூறல் போட்டு விட்டிருந்தது. வெளியூரிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். ரப்பர் பூட்ஸும் குடையுமாக எல்லோரும் கிளெம்மின் மேய்ச்சல் நிலத்தைத் தாண்டி நடந்தார்கள். ஆட்டுக்குட்டிகள் ஓடி வந்து பார்த்துவிட்டு, நம் ஆட்கள் இல்லை என்று திரும்பி ஓடின. காட்டுப் பூண்டின் வாசனை வேலிக்கு இந்தப் பக்கமே வந்துவிட்டது. எல்லோருக்கும் முன்னால் வழக்கம்போல வழிகாட்டியாக ஆம்ப்ரோஸ், அவர் காலடியில் பிக்கிள், அவருக்குப் பின்னால் பச்சை மழைக்கோட்டில் ஓல்வென், அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். கிளெம் தூரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். எல்லாம் திட்டப்படி நடந்தது.

ஆம்ப்ரோஸ் கதவில் கையை வைத்தார்.

“மன்னிக்கணும், இதுல எப்படிங்க போறது?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கைத்தடி ஊன்றிய வெளியூர் அம்மாள்.

அவ்வளவுதான். ஆம்ப்ரோஸின் கால்கள் தாமாகவே ஒதுங்கின. “இப்படி வாங்கம்மா, பாத்து, சேறா இருக்கு,” என்று கதவை ஆட்டிக் காட்டினார். அந்த அம்மாள் போனார். அவருக்குப் பின்னால் அவர் தங்கை. அவளுக்குப் பின்னால் கையில் குழந்தையோடு ஒருவன். பிடித்த கதவை யார் முகத்தில் விடுவது? பஸ் முழுவதும் நன்றி சொல்லிக்கொண்டே போயிற்று. ஆம்ப்ரோஸும் ஒவ்வொருவருக்கும் “பரவால்லீங்க, பரவால்லீங்க” என்று சொல்லிக்கொண்டே நின்றார். கிளெம் போகும்போது அவர் காதருகே, “நீ உருப்படவே மாட்டடா,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

கடைசியில் பார்த்தால் கதவுக்கு இந்தப் பக்கம் ஆம்ப்ரோஸும் ஓல்வெனும்தான். அவளும் எல்லோருக்கும் வழிவிட்டு ஓரமாக நின்றிருந்தாள்.

இப்போதாவது போகலாம். கிளெம் அந்தப் பக்கத்திலிருந்து, ‘போ, போ’ என்று கையை வீசினான். ஆம்ப்ரோஸ் ஓர் அடி எடுத்து வைத்தார். வாயைத் திறந்தார்.

“நீங்க முதல்ல போங்க,” என்றது வாய்.

கிளெம் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான்.

ஓல்வென் உள்ளே நுழைந்து, கதவை ஆட்டி, மறுபக்கம் போய்விட்டாள். முடிந்தது கதை என்று ஆம்ப்ரோஸ் தலையைக் குனிந்தபடி வளைவுக்குள் நுழைந்து கதவைத் தள்ளினார். அது நகரவில்லை. துருப்பிடித்து மாட்டிக்கொண்டதோ என்று குனிந்து கீலைப் பார்த்தார். கீல் நன்றாகத்தான் இருந்தது. நிமிர்ந்தார். ஓல்வென் இரண்டு கைகளாலும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சுங்கம்,” என்றாள்.

“என்னது?”

“முன்னாடி போனவங்க கேக்கலாம்ல? பொம்பளை கேக்கக் கூடாதுன்னு சட்டம் எதாவது இருக்கா?”

“இல்ல... அப்படியெல்லாம் இல்ல.”

“கேக்கைத் தடியா வெட்டிக் குடுத்தா, கத்தியைச் சாணை புடிச்சுக் குடுத்தீங்களே, அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. இந்த மனுஷன்கிட்ட நாமதான் வாய விட்டுக் கேக்கணும்னு.”

பஸ்ஸில் வந்தவர்கள் பூவை மறந்து திரும்பி நின்றார்கள். ஆம்ப்ரோஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வானத்தைப் பார்த்தார்.

“மறுபடியும் தூறல் வரும் போல—”

“ஆம்ப்ரோஸ்!”

“இதோ,” என்று குனிந்து, சுங்கத்தைக் கட்டினார். கொஞ்சம் தாராளமாகவே கட்டினார் என்று கிளெம் இன்றுவரை சொல்கிறான். வெளியூர்க்காரர்கள் கைதட்டினார்கள். பிக்கிள் கதவுக்கு அடியில் நுழைந்து முன்னாலேயே போய்விட்டது.

காட்டுக்குள் நீலமணிப் பூ மரங்களின் அடியில் புகை படர்ந்த மாதிரி பூத்துக் கிடந்தது. குயில்கூடக் கூவியது. வருஷா வருஷம் மரம் மரமாகக் கதை சொல்கிற ஆம்ப்ரோஸ், அன்றைக்கு ஓக் மரத்தைக் காட்டி “இது பீச் மரம்” என்றார். யாரும் திருத்தவில்லை.

திரும்பும்போது கதவருகே வரிசை நின்றது. முதல் ஆளாகக் கைத்தடி அம்மாள். அவர் தடியை உள்ளே வைப்பதற்குள் பின்னாலிருந்து ஓர் உருவம், “மன்னிக்கணும், மன்னிக்கணும், கொஞ்சம் தள்ளுங்க,” என்று பாதிரியாரையும் இடித்துக்கொண்டு வந்து, கதவுக்குள் பாய்ந்து, மறுபக்கம் போய் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

“அடுத்தது ஓல்வென் மட்டும்தான்!” என்று கத்தினார் ஆம்ப்ரோஸ்.

ஓல்வென் சிரிப்பை அடக்க முடியாமல் வரிசையின் கடைசியிலிருந்து கிளம்பி வந்தாள். எல்லோரும் அவளுக்கு வழிவிட்டார்கள். கைத்தடி அம்மாள் மட்டும் கிளெம்மிடம் திரும்பினார்.

“என்ன ஊருங்க இது? வரிசைன்னா என்னன்னே தெரியாத ஆள் யாருங்க அவரு?”

“அவராம்மா?” என்றான் கிளெம். “எங்க ஊர்லயே ரொம்ப மரியாதையான ஆளு.”