மூடி திறக்கிற வீட்டில் விஜயராணி சுட்டது

சோரியாங்குப்பத்து விஜயராணி தைத்தால் தையல் நூல் பிடித்தாற்போல் நேராகப் போகும். கேக் சுட்டால் நடுவில் குளம் வெட்டும். பண்டசோழநல்லூரில் நாற்று நட்ட கை, இப்போது பாகூர் கடைத்தெருவில் சேலைக்கு ஓரம் அடிக்கிற கை. வாழ்க்கைப்பட்டு வந்த பதினாறு வருடத்தில் அந்தக் கைக்குப் பிடிபடாத வேலை அது ஒன்றுதான்.

பதினாறு கிறிஸ்மஸ், பதினாறு கேக். முதல் கேக்கை எறும்புகள் வந்து மோந்து பார்த்துவிட்டு, வரிசை கலையாமல் வந்த வழியே திரும்பின. ஐந்தாவது கேக் கோழிக்கூண்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்தது. புயலில் கூண்டு பறந்தது, கேக் அசையவில்லை. நம்பாதவர்கள் கோழிகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

குறை மாவிலும் இல்லை, சோடாவிலும் இல்லை. அந்த வீட்டுக்குள் யார் நுழைந்தாலும் முதல் வேலை, அடுப்பில் இருப்பதைத் திறந்து பார்ப்பது. மாமியார் காசம்மாள் திறப்பாள். கணவன் சார்லஸ் சட்டையைக் கழற்றுமுன் திறப்பான். பால் ஊற்ற வரும் செல்லக்கண்ணுகூட, "இன்னாக்கா கொழம்பு?" என்று திறந்து மோந்துவிட்டுத்தான் பாலை அளப்பார். மீன் குழம்புக்கு இதனால் ஒன்றும் ஆகாது. அரைவேக்காட்டில் மெல்ல எழும்பிக்கொண்டிருக்கும் கேக்கோ, குளிர்காற்று பட்டதும் பொசுக்கென்று உட்கார்ந்துவிடும். திறக்காதீர்கள் என்றால் காசம்மாளுக்குக் கோபம் வரும்: "எங்களுக்குத் தெரியாம இன்னாத்த ஆக்கற?"

போன கிறிஸ்மஸுக்கு மூலக்குளத்திலிருந்து வந்த நாத்தனார் ஜெயசித்ரா, கேக்கைக் கரண்டியால் தட்டிப் பார்த்தாள்.

"அண்ணி, இது திங்கறதுக்கா, வூட்டுக்குக் கடக்கால் போடறதுக்கா?"

விஜயராணிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அடுத்த வருசம் கோயிலுக்குப் போற தட்டுல நான் சுட்டதுதான் இருக்கும். ஜனங்க கேட்டு வாங்கித் தின்னும். இல்லன்னா தட்டு இனிமே ஒனக்கு, போ."

சொன்ன பிறகுதான் எதைப் பந்தயம் வைத்தோம் என்று யோசித்தாள். பூசை முடிந்து ஊரே பார்க்க, குடிலுக்கு முன்னால் தட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பது அந்த வீட்டு மருமகளின் பெருமை. இதுவரை தட்டில் இருந்தது கடைக் கேக்தான் என்றாலும், நடை அவளுடையது அல்லவா?

இந்தக் கார்த்திகையில் நான்கு கேக் சுட்டுப் பார்த்தாள். நான்கு குளம். நான்காவதைச் சுரண்டும்போது காசம்மாள் ஓடி வந்தாள்.

"அந்த ஓரத்த எனக்குக் குடு!"

"யம்மோவ், எனக்கும் கொஞ்சம் வையி," என்றான் சார்லஸ்.

மொறுமொறுவென்று, எழும்பாத, வெண்ணெய் மணக்கும் ஓரம். விஜயராணி கத்தியோடு அப்படியே நின்றாள். பதினாறு வருடமாக இந்த வீட்டில் எல்லாரும் தின்றது ஓரத்தைத்தான். முழுவதையும் ஓரமாகவே சுட்டால் என்ன?

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் மத்தியானம் முட்டை, சோடா இரண்டையும் தூக்கிப் பரண்மேல் வைத்தாள். பொடித்த சர்க்கரை நூறு கிராம், வெண்ணெய் இருநூறு, மைதா முந்நூறு, ஒரு சிட்டிகை உப்பு. தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. முறுக்கு மாவுக்குப் பிசிறுவதுபோல் விரல் நுனியால் பிசிறினாள். பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பக்குவம் அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். தட்டில் அரை விரல் கனத்துக்கு அழுத்தி, முள்கரண்டியால் குத்தி, கத்தியால் கோடு கிழித்தாள். மணல் பரப்பிய குண்டானில் வைத்து மூடி, தீயைத் தணித்துவிட்டு ஊசியோடு உட்கார்ந்தாள்.

காசம்மாள் திறந்தாள். சார்லஸ் இரண்டு தரம் திறந்தான். செல்லக்கண்ணு பால் கேனோடு வந்து திறந்தார். விஜயராணி தலை நிமிரவில்லை.

காசம்மாளுக்குப் பயம் வந்துவிட்டது. "இன்னாடி, திட்டவே மாட்டன்ற? ஒடம்பு கிடம்பு சரியில்லயா?"

"நல்லா தொறந்து பாருங்க அத்த. இது ஏறவே போறதில்ல. அப்புறம் எங்கேந்து எறங்கும்?"

அந்த நேரம் பார்த்து ஜெயசித்ரா, மூலக்குளத்தில் வாங்கிய பெரிய கேக் பெட்டியோடு உள்ளே வந்தாள். வந்ததும் வராததுமாக மூடியைத் திறந்தாள். எழுந்த மணத்துக்குப் பாகூர் ஏரிக் கொக்குகள் வாயில் இருந்த மீனை விட்டுவிட்டுத் தலை தூக்கின.

"அண்ணி, எழும்பவே இல்லியே! இத யாரு கேக்குன்னு ஒத்துக்குவா?"

"ஒத்துக்க வேணாம். தின்னு."

சூட்டோடு கோட்டின்மேல் இன்னொரு தரம் கத்தி ஓட்டி, ஆறவிட்டுக் கொடுத்தாள். ஜெயசித்ரா ஒன்று தின்றாள். இரண்டு, மூன்று. ஐந்தாவதை எடுக்கும்போது காசம்மாள் அவள் கையில் ஒரு அடி போட்டாள்.

"அம்மா, சும்மா இரு," என்று ஜெயசித்ரா தன் பெட்டியிலிருந்த கேக்கைத் தூக்கி வெளியே வைத்தாள். "அண்ணி, பத்து துண்டு இதுல போடு, எங்க வூட்டுக்கு. மீதிய தட்டுல அடுக்கு, இவங்க எல்லாத்தையும் முடிக்கறதுக்குள்ள."

மறுநாள் பூசை முடிந்ததும் விஜயராணி தட்டோடு நடந்தாள். பக்கத்திலேயே ஜெயசித்ரா, "ஆளுக்கு ஒண்ணுதான், எங்க அண்ணி கையால சுட்டது!" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். குடிலைச் சுற்றி வருவதற்குள் தட்டு காலி.

கடைக் கேக் என்ன ஆயிற்று என்கிறீர்களா? கோழிக்கூண்டுக் கதவுக்கு வைத்துப் பார்த்தார்கள். ரொம்ப மெத்தென்று இருந்தது, முட்டுக்கு ஆகவில்லை.