முடிவுரையில் வைத்த எச்சரிக்கை

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி நாற்பது நிமிடத்துக்கு, நான் எழுதிய தமிழ் எங்கள் சமையலறைக் கூரை வரைக்கும் எரிந்தது.

அறுபதுகளின் தொடக்கம். ஸ்ரீரங்கத்தில் ஜாகை, திருச்சியில் ஒரு பள்ளியில் தமிழாசிரியர் வேலை. சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பம்ப் ஸ்டவ் செய்யும் பட்டறைக்காரர் ஒருவர், ஸ்டவ்வோடு கொடுக்க ஒரு விளக்கத்தாள் எழுதித் தரச் சொன்னார். செய்முறையை வாயால் சொல்லிவிட்டு, "ஒரு தடவை பத்த வச்சுப் பாத்துட்டு எழுதுங்களேன் சார்" என்றார். கட்டுரை எழுத எதற்கு மண்ணெண்ணெய் என்று விட்டுவிட்டேன்.

முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று சொல்லிக்கொடுத்தே பழகியவன் நான். முன்னுரையில் ஸ்டவ்வின் பெருமை. பொருளுரையில் செய்முறை. எச்சரிக்கை என்பது அறிவுரைதானே, அது முடிவுரைக்குத்தான் போக வேண்டும். ஆகவே, 'பம்ப் அடிக்குமுன் பர்னரில் ஸ்பிரிட் ஊற்றி எரித்துச் சூடாக்கவும்' என்பது பின்பக்கத்துக்குப் போயிற்று. பட்டறைக்காரர் "அருமையா இருக்கு சார்" என்றார். முதல் பத்தியைத் தாண்டினாரா என்பது சந்தேகம். நன்றிக்கு ஒரு ஸ்டவ்வும் கொடுத்தனுப்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி முதல் பஸ்ஸில் சமயபுரம் போயிருந்தாள். காபி போட வேண்டியவள் பதினாறு வயது மகள். என் தாளை ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்து, படித்ததை உடனே செய்தாள். நான் கூடத்தில் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடி என் வாக்கியங்களை ரசித்துக்கொண்டிருந்தேன். 'பம்பைப் பத்து முறை அழுத்துக' வந்தது. 'தீக்குச்சியால் பற்றவைக்க' வந்தது. சூடேறாத பர்னரிலிருந்து எண்ணெய் பச்சையாகப் பீறிட்டு, மொத்தமாகப் பற்றிக்கொண்டது.

ஓடினேன். அவளிடம் அல்ல, தாளிடம். தீ பரவினால் என்ன செய்வது என்பது ஐந்தாவது எச்சரிக்கை என்று எனக்கு நன்றாக நினைவிருந்தது. மூக்குக்கண்ணாடிதான் அகப்படவில்லை.

"இரும்மா, இதுல இருக்கு, படிக்கிறேன்."

"அப்பா, படிச்சது போதும். அந்தச் சாக்கை நனைச்சுக் குடுங்க."

கொடுத்தேன். அவளேதான் போட்டு மூடினாள். நெருப்பு அடங்கியதும் வலது கையை வாளித் தண்ணீருக்குள் விட்டாள். கை சிவந்து, விரல்கள் விறைத்திருந்தன.

"மடக்கும்மா."

"முடியலப்பா."

அவள் எழுதுவது அந்தக் கையால்தான்.

பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் டாக்டரைத் தேடிப் போனார். டாக்டர் ஊரில் இல்லை. ஏழரை மணிக்கு வந்து சேர்ந்தவர் அவருடைய கம்பவுண்டர். கையை நிதானமாகத் திருப்பிப் பார்த்தார், மருந்து தடவினார், ஒவ்வொரு விரலாக மடக்கச் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு மடக்கினாள். ஐந்தும் மடங்கின.

"மேல்தோல்தான் சார். பத்து நாள்ல ஆறிடும்."

பிறகு ஈரத்தில் கிடந்த தாளை எடுத்து முன்னும் பின்னும் படித்தார். எழுதியவர் யார் என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

"நாங்க 'குலுக்கிட்டுக் குடிக்கவும்'னு மருந்து பாட்டில் மேலயே ஒட்டிடுவோம் சார். குடிச்சப்புறம்னா ஆளைத்தான் புடிச்சுக் குலுக்கணும்."