மண்ணுக்குள் ஐந்து படிகள்

எங்கள் சந்தில் பயத்துக்கு ஒரு ஆளைக் காட்டச் சொன்னால் எல்லாரும் தையல் அக்காவைத்தான் காட்டுவார்கள். கரண்ட் பில் வந்தாலும் பயம், வராவிட்டால் அதைவிடப் பயம். சட்டைக்கு மூன்று முறை அளவெடுத்துவிட்டு, கத்தரி வைக்கும் முன் நாலாவது முறையும் ஆள் விட்டுக் கூப்பிடுவாள். கணவர் போன பிறகு இருபது வருடம் மெஷினை மிதித்தே மகளை ஆளாக்கியவள். இருந்தும் வாசலில் புதுச் செருப்புச் சத்தம் கேட்டால் முகம் வெளிறிவிடும்.

சந்து என்றால் மேட்டில் ஏறுகிற ஒரு மண் சரிவு, இரண்டு பக்கமும் சேர்த்து முப்பது வீடு. மழை நாளில் யாராவது ஒருவர் உட்கார்ந்தபடியே கீழே வந்து சேருவார். தெருக்காரர்களே திட்டம் போட்டுத் தாங்களே செய்கிற சின்ன வேலைகளுக்கு ஒரு அறக்கட்டளை உதவித்தொகை தருகிறது என்று கேள்விப்பட்டு, அடியிலிருந்து உச்சி வரை படிக்கட்டு கேட்டு எழுதிப்போட்டோம். பயப்படுகிறவள் கையில் இருந்தால் காரியம் பத்திரமாக இருக்கும் என்று அக்காவைக் கமிட்டித் தலைவியாக்கியது நான்தான். விண்ணப்பத்தை ஒன்பது தாளில் எழுதிப் பார்த்துவிட்டுப் பத்தாவது தாளை அனுப்பினாள். தேர்வாகிவிட்டது. ஒரே நிபந்தனை, அவர்கள் ஆள் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை வேலையைத் தொடங்கக் கூடாது. தொடங்கினால் உதவி ரத்து. அதைக் கூட்டத்தில் அவள் மூன்று முறை வாசித்தாள்.

அவள் தம்பி கொத்தனார். வேறொரு வேலையில் மிஞ்சிய சிமெண்ட் மூட்டை ஒன்று அவனிடம் பிரித்தபடி கிடந்தது. பிரித்த மூட்டை தாங்காது, கட்டிதட்டிப்போகும். கொத்தனார் மனசு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்குமா? அக்கா துணி வாங்கப் போயிருந்த ஒரு பகலில், உச்சியில் அவள் வீட்டு வாசலில், நிறைமாதமாக இருந்த அக்கா மகளுக்காக ஐந்து படி கட்டிவிட்டான். கல் எடுத்துக் கொடுத்தவர்கள் நாங்கள். திரும்பி வந்தவள் படியைப் பார்த்ததும் துணி மூட்டையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வாரமே அறக்கட்டளை அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. படியை உடைக்க யாருக்கும் மனசு வரவில்லை. மண்ணைக் கொட்டி, தண்ணீர் தெளித்துத் தட்டிவிட்டால் பழைய சரிவு மாதிரியே இருக்கும் என்று முடிவாயிற்று. பொய் சொன்னால் தன் முகமே காட்டிக் கொடுத்துவிடும் என்று அக்கா கெஞ்சினாள். முப்பது வீடும் உன்னைத்தான் நம்பியிருக்கிறது, வாயைத் திறக்காமல் நின்றால் போதும் என்று அடக்கினோம். அன்று காலை நானும் நாலு கூடை கொட்டினேன். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த மகளிடம் சொல்ல வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதிகாரிக்கு முழங்கால் வலி. பாதி மேட்டிலேயே நின்று மூச்சு வாங்கினார். அண்ணாந்து பார்த்தார், படிவத்தை விரித்தார். 'வேலை தொடங்கவில்லை' என்ற கட்டத்தின் மேல் பேனாவைக் கொண்டுபோனார். பக்கத்தில் நின்ற அக்கா உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மகள் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டு வாசலுக்கு வந்தாள். ஒரு வாரமாக இறங்கி ஏறிய பழக்கம். கீழே குனிந்து பார்க்காமல் எங்களைப் பார்த்துக்கொண்டே காலை எடுத்தாள்.

"நில்லும்மா! கால வைக்காத, படி மேல ஈர மண்ணு கெடக்கு, வழுக்கிடும்!"

அக்கா அவ்வளவு சத்தமாகப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. மகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அதிகாரியின் பேனாவும் நின்றது.

"எந்தப் படி?" என்றார்.

ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள் என்று எல்லாரும் அவள் வாயையே பார்த்தோம்.

"நாங்க கட்டினது சார். நீங்க வர்றதுக்கு முன்னாடியே கட்டிட்டோம். மூடினதும் நாங்கதான்."

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உச்சி வரை ஏறினார். ஷூ நுனியால் மண்ணைச் சுரண்டினார். சிமெண்ட் விளிம்பு தெரிந்தது.

"கட்டினத மட்டும் சொல்லியிருந்தா ஆபீஸ்ல பேசிப் பாத்திருப்பேன்மா. மறைச்சிட்டீங்களே. இனி என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

படிவத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டு அவளிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா மேலே போனாள். வெறுங்காலால் மண்ணை ஒதுக்கி ஒதுக்கி மகளைப் படிப்படியாக இறக்கினாள். ஐந்தாவது படி முடிந்து பழைய சரிவு தொடங்கிய இடத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். முப்பது வீட்டுக் கண்ணும் அக்கா மேல்தான். அவள் எங்களைப் பார்த்தாள். எத்தனையோ பயத்தில் அவளைப் பார்த்திருக்கிறேன், எங்களைக் கண்டு பயந்து அன்றுதான் பார்த்தேன்.

மகளின் ஒரு கையை அவள் இறுகப் பிடித்திருந்தாள். இன்னொரு கை பிடிமானம் தேடிக் காற்றில் துழாவியது. அதைப் பிடிக்க எங்களில் ஒருவரும் போகவில்லை. நானும் போகவில்லை.