நாற்பது தியாகிகளும் ஒரு கான்ஸ்டபிளும்

எங்கள் ஊரில் சுதந்திரத்துக்காகப் போராடாத குடும்பமே கிடையாது. சந்தேகம் இருந்தால் ஆகஸ்ட் மாதத்தில் எங்கள் பள்ளிக்கு வந்து பாருங்கள். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே சுவரில் பதினொரு படங்கள் தொங்குகின்றன. அவற்றுக்கு மேலே 'எங்கள் பள்ளிக் குடும்பத்துத் தியாகிகள்' என்று பச்சைப் பெயின்ட்டில் எழுதியிருக்கிறது. பதினொரு பேரும் ஆசிரியர்களின் தாத்தாக்கள். அதில் ஒருவர் என் அம்மாவைப் பெற்ற தாத்தா.

என் தாத்தா தியாகி இல்லை. வெள்ளைக்காரன் காலத்துப் போலீஸ் கான்ஸ்டபிள். மறியல் செய்தவர்களைத் தடியால் அடித்தவர்.

இது வெளியே தெரிந்தால் என் மானம் கப்பலேறிவிடும். கணக்கு டீச்சராக இருந்தாலாவது சமாளிக்கலாம். நான் சமூக அறிவியல் டீச்சர். இருபத்திரண்டு வருஷமாகப் பத்தாம் வகுப்புக்கு விடுதலைப் போராட்டம் நடத்துகிறேன். தடியடி என்ற வார்த்தை வரும்போதெல்லாம் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வேன். பிள்ளைகள் அதைத் தேசபக்தி என்று நினைத்துக்கொள்ளும்.

சில வருஷங்களுக்கு முன்னால் தலைமையாசிரியருக்கு அந்தச் சுவர் யோசனை தோன்றியது. "ஆளுக்கொரு தியாகி போட்டோ கொண்டாந்துடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்" என்றார். உங்கள் வீட்டில் தியாகி இருந்தாரா என்று அவர் கேட்கவில்லை. ஆதார் நகல் கேட்கிற மாதிரிதான் கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள் பத்துத் தியாகிகள் வந்து சேர்ந்தார்கள். ஒருவருடைய தாத்தா ஊர்வலத்துக்கு மோர் கொடுத்திருந்தார். உடற்பயிற்சி ஆசிரியரின் தாத்தா துரையின் கார்மேல் கல்லெறிந்தாராம். கல் காரில் பட்டதா என்று யாரும் கேட்கவில்லை. இன்னொருவரின் தாத்தா துரைக்கு சலாம் போட மறுத்தவர். அவருக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது என்பதை அந்த ஆசிரியையே ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

வரலாறு நடத்துகிற நான் மட்டும் வெறுங்கையோடு போவதா? வீட்டில் இருந்த ஒரே படத்தை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனேன். சிவப்புத் தலைப்பாகை, முறுக்கிய மீசை, இடுப்பில் பெல்ட், மார்பில் எண் பொறித்த பட்டை. கறுப்பு வெள்ளைப் படம்தான். ஆனாலும் அந்தத் தலைப்பாகை சிவப்பு என்று அம்மா சொல்லிச் சொல்லி, எனக்கு அது சிவப்பாகவே தெரியும். ஸ்டூடியோக்காரர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"தலப்பாவ எடுத்துட்டு கதர் குல்லா வெச்சிடலாம் மேடம். பெல்ட்டு தெரியாம கட் பண்ணிடறேன். ஜாஸ்தி நேரம் ஆவாது. இந்த வாரத்துல உங்களது ஏழாவது குல்லா."

அரை மணி நேரத்தில் தாத்தா போராட்டத்தில் குதித்துவிட்டார். அவசரத்தில் மார்பில் இருந்த எண் பட்டையை எடுக்க மட்டும் ஸ்டூடியோக்காரர் மறந்துவிட்டார். நானும் கவனிக்கவில்லை. படத்தை மாட்டும்போது தலைமையாசிரியர்தான் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"இன்னா டீச்சர் இது, நம்பர் மாதிரி இருக்குது?"

அவரே பதிலையும் சொல்லிவிட்டார். "ஓ, ஜெயில்ல குடுத்த நம்பரா!" என்று சொல்லிப் படத்துக்குக் கை கூப்பினார். நானும் பக்கத்தில் நின்று கூப்பினேன். அன்றிலிருந்து தாத்தா சிறைக்கும் போய் வந்தவரானார்.

இந்த வருஷம் நாடகம் போட வேண்டும் என்று முடிவானது. மறியல், தடியடி, கடைசியில் கொடியேற்றம் என்று இருபது நிமிடத்துக்கு நான் எழுதிக் கொடுத்தேன். துரை வேஷத்துக்கு ஒரு பையன் முகத்தில் பவுடர் அப்பிவிடலாம் என்றேன். தலைமையாசிரியருக்கு அது பிடிக்கவில்லை.

"இந்த ஊர்ல இருந்துக்குனு பவுடர் பூசணுமா டீச்சர்? உங்க மாடியிலயே ஒரு வெள்ளைக்காரரு குடியிருக்காரே."

அது உண்மைதான். எங்கள் ஊரில் வெள்ளைக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. வேட்டி கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு மலையைச் சுற்றிவிட்டு, இளநீர்க்காரரிடம் தமிழிலேயே பேரம் பேசுவார்கள். வேங்கிக்காலில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவரும் அப்படிப்பட்டவர்தான். ஆனால் அவர் அமெரிக்கர்.

"சார், அவங்க நாட்டையும் இங்கிலீஷ்காரன்தான் ஆண்டான். நமக்கு முன்னாடியே சண்ட போட்டு தொரத்துனவங்க அவங்க. அவரப் போயி எப்படி..."

"கலர் ஒண்ணுதான டீச்சர்" என்றார்.

அமெரிக்கர் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். தொந்தரவு வேறு பக்கத்திலிருந்து வந்தது. நாடகத்தில் தடியடி நடத்த ஆறு கான்ஸ்டபிள்கள் வேண்டும். எந்தப் பெற்றோரும் சம்மதிக்கவில்லை. "அடிக்கிற வேஷம் எங்க புள்ளைக்கு வாணாங்க டீச்சர். எங்க குடும்பமே தியாகி குடும்பம்" என்று ஒரு அம்மா வந்து சண்டை போட்டுவிட்டுப் போனார். மற்றவர்கள் போனிலேயே சண்டை போட்டார்கள். கடைசியில் மேடையில் நாற்பது தியாகிகள், ஒரே ஒரு துரை. இத்தனை தியாகிகளுக்கு எதிரே ஒற்றை ஆள் நின்று அத்தனை வருஷம் எப்படி நாட்டை ஆண்டான் என்று பார்ப்பவர்கள் கேட்க மாட்டார்களா? அது எனக்கு மட்டும்தான் உறுத்தியது. உறுத்தியும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஒத்திகை முடிந்து வரும்போது அமெரிக்கரும் அதையேதான் கேட்டார், அடிப்பதற்கு ஆள் எங்கே என்று. நான் பெற்றோர் கதையைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். அவருடைய ஊரிலும் இப்படித்தானாம். ராஜாவை எதிர்த்துச் சண்டை போட்டவர்களின் வாரிசுகள்தான் எல்லோரும். ராஜா பக்கம் நின்றவர்கள் எக்கச்சக்கமாக இருந்தார்களாம், ஆனால் அவர்களுக்கு மட்டும் வாரிசே கிடையாதாம். "என் முன்னோர் ஒருவர் ராஜாவின் சிப்பாய்களுக்கு மாவு விற்றவர். தோற்றதும் மூட்டையைக் கட்டிக்கொண்டு எல்லை தாண்டி ஓடினார்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, கேட்டைத் திறந்து மாடிக்குப் போய்விட்டார்.

எனக்கு அவர்மேல் எரிச்சலாக வந்தது. அவர் சிரிக்கலாம். இருநூற்றைம்பது வருஷம் ஆகிவிட்டது. என் கான்ஸ்டபிளின் மகள் கீழ்பென்னாத்தூரில் உயிரோடு இருக்கிறாள். தினமும் காலையில் எனக்குப் போன் பண்ணி, விதைத்த மல்லாட்டைக் கடலைக்கு மழை போதவில்லை என்கிறாள்.

அந்த மகளைத்தான் தலைமையாசிரியர் விழாவுக்குக் கூப்பிட்டுவிட்டார். தியாகியின் நேரடி வாரிசு உயிரோடு இருப்பது எங்கள் பள்ளியிலேயே எனக்கு மட்டும்தானாம். அம்மாவின் ஊர்ப் பக்கத்துப் பையன் ஒருவனிடம் நம்பர் வாங்கி, என்னைக் கேட்காமலே அம்மாவிடம் பேசியிருக்கிறார். "உங்கப்பாவுக்கு மரியாதை பண்றோம்மா, கார் அனுப்பறேன்" என்று மட்டும் சொன்னாராம். அம்மா போனில் எனக்குச் சொன்னபோது அவள் குரலே மாறியிருந்தது. "எங்கப்பாவயும் ஒருத்தர் நெனச்சிக்கினு கூப்புடறாரே" என்றாள். காலில் வலி இருக்கிறதே, வர வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "கால் கெடக்குது, போடி" என்று வைத்துவிட்டாள். படத்தில் நான் செய்த வேலையைச் சொல்ல இரண்டு நாள் அவகாசம் இருந்தது. சொல்லவில்லை. பயம்தான், வேறொன்றும் இல்லை.

பதினைந்தாம் தேதி காலை கொடியேறியது, மிட்டாய் கொடுத்தார்கள், நாடகம் தொடங்கியது. நாற்பது தியாகிகளும் முதல் கோஷத்திலேயே துரைமேல் பாய்ந்தார்கள். தடுக்கக் கான்ஸ்டபிள் இல்லாததால் அவருடைய தொப்பி ஒரு பக்கம் போனது, பிரம்பு ஒரு பக்கம் போனது. அமெரிக்கர் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு மேடையை விட்டே ஓடினார். இருபது நிமிட நாடகத்தில் நான்காவது நிமிடத்திலேயே நாடு விடுதலை அடைந்துவிட்டது. அப்படி ஒரு கைதட்டலை எங்கள் மைதானம் அதற்குமுன் கேட்டதில்லை.

பிறகு வாரிசுக்கு மரியாதை. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்திருந்த அதிகாரி பொன்னாடையோடு நின்றார். அம்மா பட்டுப்புடவையில் மெல்ல மேடை ஏறினாள். மேஜைமேல் தாத்தாவின் படம் மாலையோடு இருந்தது. அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

தலைமையாசிரியர் மைக்கை நீட்டினார். "அப்பாவப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லுங்கம்மா."

"இது எங்கப்பா மூஞ்சிதான். ஆனா குல்லா அவருது இல்ல" என்றாள் அம்மா. "எங்கப்பா போலீசு. செவப்புத் தலப்பா கட்டுவாரு. இதே ஊர்ல மறியல் பண்ணவங்கள அடிச்சவரு. ஒருதபா அடி வாங்குனவரு எங்க தெருக்காரராப் பூட்டாரு. மறுநாளு நல்லெண்ணெய் எடுத்துக்குனு போயி அவரு முதுவுல தடவிட்டு வந்தாராம். மறுபடி ஆர்டர் வந்துச்சு, மறுபடி அடிச்சாரு. அதச் சொல்லிச் சொல்லி அழுவாரு. தலப்பாவ யாரு எடுத்தாங்கன்னு தெரியல. அதோடயே வெச்சி மரியாதை பண்ணுங்க, இல்லன்னா வாணாம்."

அதிகாரி பொன்னாடையை விரித்தபடி அப்படியே நின்றார். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மைக்கைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். நான் எழுந்து போய் அம்மாவின் கையிலிருந்து மைக்கை வாங்கினேன்.

"அம்மாவுக்கு எண்பது வயசாகுது. ஞாபகமெல்லாம் கொழம்பிப் போச்சு. யாரும் தப்பா எடுத்துக்க வேணாம்" என்றேன்.

எல்லோருக்கும் மூச்சு வந்தது. கைதட்டினார்கள். அதிகாரி பொன்னாடையைப் போர்த்தினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அமெரிக்கரும் எழுந்து நின்று தட்டினார். நான் பக்கத்தில் போனதும் என் தோளைப் பிடித்துக்கொண்ட அம்மா, அந்தக் கையை எடுத்துவிட்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

அனுப்பிய காரில் ஏற மாட்டேன் என்றாள். ஆட்டோ பிடித்தேன். பஸ் ஸ்டாண்டு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். போர்த்திய பொன்னாடையை நான்காக மடித்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்திருந்தாள். கீழ்பென்னாத்தூர் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. நான் இறங்கி அவளுக்குக் கை கொடுத்தேன். அவள் கையைப் பிடிக்கவில்லை.

"எங்கப்பாவுக்காவது மேல இருந்து ஆர்டர் வந்துச்சுடி, அடிச்சாரு" என்றாள். "உனக்கு யாரு ஆர்டர் போட்டது?"

அம்மா பஸ்ஸில் ஏறி, நான் நின்ற பக்கத்து ஜன்னலை விட்டு அந்தப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.