கறுப்பு மைக்குள் ஒரு நற்சான்று

ஒரு வாரமாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊற்றிய கோப்பி ஊற்றியபடியே ஆறிப்போகிறது. மெட்ரோவில் இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டி இரண்டு தடவை போய்விட்டேன். காரணம், ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த நாலே நாலு வரி.

சனிக்கிழமை காலை தேவன் தொலைபேசி எடுத்தான். திருகோணமலையில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். எழுபதுகளில் எனக்கு ஒரு வருடம் முந்தி மொன்றியல் வந்தவன். ஒட்டாவாவுக்கு, அரசாங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருப்பதாகவும், அதை நான் ஒருக்கால் பார்த்துத் திருத்தித் தர வேண்டும் என்றும் சொன்னான்.

இதில் புதினம் ஒன்றுமில்லை. இந்த ஊரில் பலருடைய கடிதங்கள் என் கையால் போனவைதான். ஸ்பொன்சர் கடிதம், வீட்டுக்காரன் மீது முறைப்பாடு, கார்டெரி என்கிற பிள்ளைக் காப்பகத்தில் இடம்... வாராவாரம் தமிழ்ப் பேப்பரில் பத்தி எழுதுகிறவன் என்றால் சும்மாவா?

நகரின் வடக்கே, அஹுன்ட்சிக்கில் அவன் வீட்டுக் கதவைத் திறந்தவர் லூக். முப்பது வருடமாக தேவனோடு வாழ்கிறவர். நம் ஆட்கள் அவருக்கு ஒரு பதவி கொடுத்து வைத்திருக்கிறோம் – 'தேவனின் ரூம்மேட்'. இருவருக்கும் தலை நரைத்துவிட்டது, ஆனால் பதவி மாறவில்லை. கல்யாண அழைப்பிதழ்களில் தேவன் பெயர் மட்டும்தான் இருக்கும். அப்படி அனுப்புகிறவர்களில் நானும் ஒருவன்.

கடிதம் சுருக்கமாக இருந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் தேவன் கனேடிய மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தான். பதவி உயர்வு வந்தது. அதற்குப் பாதுகாப்பு அனுமதி தேவை என்று அவனைப் பற்றி வெளியே விசாரித்தார்கள். பிறகு ஒரு அறைக்குள் கூப்பிட்டு, வீட்டில் யாரோடு படுக்கிறாய் என்று இரண்டு மணித்தியாலம் கேட்டார்கள். தானாக விலகினால் சொந்தக்காரர்களுக்கு எதுவும் தெரியவராது என்றார்கள். விலகினான்.

அவன் ஒருவனுக்கு மட்டும் நடந்ததல்ல இது. ஆணை விரும்பிய ஆண்கள், பெண்ணை விரும்பிய பெண்கள் என்று எத்தனையோ அரசு ஊழியர்களையும் படையினரையும் இப்படித்தான் வெளியே அனுப்பினார்கள். அவர்களால் நாட்டுக்கு ஆபத்தாம்! தேவனால் என்ன ஆபத்து வந்திருக்கும் என்று நானும் யோசித்துப் பார்க்கிறேன். அவன் ஒரு எறும்பைக்கூட ஊதித்தான் விடுவான்.

போன மாதம் பிரதமர் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று பழங்குடி மக்களிடம், அவர்கள் பிள்ளைகளைப் பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்ததற்காக மன்னிப்புக் கேட்டதை இருவரும் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டது நியாயம், எங்களிடம் எப்போது கேட்பார்கள் என்று தேவன் அன்றைக்கே எழுத உட்கார்ந்துவிட்டான். வேலை திரும்ப வேண்டாம், அவனுக்கு வயது அறுபத்துமூன்று. 'நடந்தது பிழை' என்று ஒருவர் பெயர் போட்டுக் கையெழுத்து வைத்த ஒரு தாள். அவ்வளவுதான் அவன் கேட்பது.

"இதையும் சேத்து அனுப்பலாமோ எண்டு வாசிச்சுப் பார்" என்று ஒரு காகிதக் கட்டை நீட்டினான். சட்டப்படி விண்ணப்பித்து வாங்கிய அவனுடைய பழைய விசாரணைக் கோப்பின் பிரதி. தகவல் சொன்னவர்களின் பெயர்களை எல்லாம் கறுப்பு மையால் அழித்திருந்தார்கள். மூன்றாம் பக்கத்தில் அந்த நாலு வரி.

'பெண்கள் பக்கம் திரும்பியும் பார்க்காதவர். வந்த திருமணப் பேச்சுகள் எல்லாவற்றையும் மறுத்தவர். மாலையில் நேரே வீட்டுக்குப் போய்விடுவார். அறைத்தோழர் சமைத்து வைத்துவிட்டு, இவர் வரும்வரை தானும் சாப்பிடாமல் காத்திருப்பார்.'

அது என் பேச்சு!

அந்த நாளில் நான் மொன்றியலிலேயே சென்ட் லோரன்ட் பக்கம் ஒற்றை அறையில் இருந்தேன். கோட்டுப் போட்ட ஒரு கனவான் வந்து கதவைத் தட்டினார். அரசு வேலை விஷயமாக உங்கள் நண்பரைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்றார். விசாரிப்பு என்றால் எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். ஊரில் மாப்பிள்ளை பற்றி விசாரிக்க வந்தால் நாங்கள் என்ன சொல்வோம்? குடி இல்லை, சிகரெட் இல்லை, பொம்பிளைப் பிள்ளைகளை நிமிர்ந்தும் பார்க்கமாட்டான், வேலை விட்டால் வீடு. அதைவிட நல்ல சான்றிதழ் உண்டா?

தேநீர் கொடுத்து, கேக்கும் வெட்டி வைத்து, தேவனை அப்படியே புகழ்ந்து தள்ளினேன். அவர் எழுத எழுத எனக்கு உற்சாகம் கூடியது. போதாததற்கு லூக்கின் நல்ல குணத்தையும் சேர்த்துச் சொன்னேன். போகும்போது அவர் கை குலுக்கி நன்றி சொன்னார். பதவி உயர்வு கிடைத்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று தேவனிடம் மூச்சு விடவில்லை.

இரண்டு மாதத்தில் அவன் வேலையை விட்டான். அரசாங்க உத்தியோகத்தை யாராவது விடுவானா, விசரன் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவனும் நான்தான். பிறகு இருபது வருடத்துக்கு மேல் அவன் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினான்.

இது எல்லாம் நினைவுக்கு வந்தபிறகு நான் சனிக்கிழமை என்ன செய்தேன்? கடிதத்தில் இரண்டு கமாவைத் திருத்தினேன். 'நல்லாயிருக்கு' என்றேன். சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. "வாராவாரம் அரசாங்கம் மன்னிப்புக் கேக்கோணும் எண்டு எழுதுறனீங்கள்தானே. பிறகென்ன?" என்றார்.

பிறகென்னவா? அடுத்த மூன்று நாளும் மனதுக்குள் பதில் எழுதினேன். நான் கெட்டது நினைத்துச் சொல்லவில்லை. அந்தக் காலம் அப்படி. முடிவெடுத்தது நான் அல்ல. எனக்கு முழு விபரமும் தெரியாது... நாலாவது வசனத்தில் நின்றுவிட்டேன். தேவனின் கடிதத்துக்கு ஒட்டாவாவில் இருந்து பதில் வந்தால், கிட்டத்தட்ட இதே வசனங்கள்தான் இதே ஒழுங்கில் இருக்கும்.

எனக்கு உண்மையிலேயே தெரியாதா? லூக் காத்திருப்பதைப் பார்த்தவன் நான். அதைச் சொல்லும்போது எனக்குள்ளே ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது என்பதும் இப்போது ஞாபகம் வருகிறது. வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை பின்னேரம் போனேன். தேவன் பல்கனியில் தக்காளிக் கன்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். நின்றபடியே சொல்லிவிட்டேன். அந்த மூன்றாம் பக்கம் நான் சொன்னது என்றேன். என்னை மன்னித்துவிடு என்றேன்.

அவன் வாளியைக் கீழே வைத்தான். "தெரியும்" என்றான்.

எப்படி என்று கேட்டேன்.

"லூக் சாப்பிடாமல் இருக்கிறதைப் பாத்த ஒரே ஆள் நீதான். அந்த நாளிலை வேற ஆர் எங்கடை வீட்டை வந்தது?"

கோப்பு சித்திரையிலேயே வந்துவிட்டதாம். அதற்கு முதல் இருபத்தேழு வருடம் அலுவலகத்தில் இருந்த ஒவ்வொருவரையும் சந்தேகப்பட்டிருக்கிறான். பக்கத்து மேசைக்காரன் செத்தபோது செத்தவீட்டுக்கும் போகவில்லை. அந்த மனிதன் ஒன்றும் செய்யவில்லை என்று இப்போதுதான் தெரியும்.

"உன்னை மட்டும் நான் நினைக்கேல்லை" என்றான். "நீ நல்லதுக்குத்தான் சொன்னனி. அதுவும் விளங்குது. ஆனா மூண்டு மாசமா எனக்கு ஆறேல்லை. கடிதம் திருத்தவே உன்னைக் கூப்பிட்டனான்? நீ வாசிக்கோணும் எண்டு கூப்பிட்டனான்."

அப்படியென்றால் சனிக்கிழமை நான் கமாவைத் திருத்திய நேரம் முழுக்க அவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

இப்போது என்ன செய்யட்டும் என்று கேட்டேன். கட்டிப்பிடித்து, போனது போகட்டும் மச்சான் என்பான் என்று ஒரு நப்பாசை. அவன் அதைச் சொல்லவில்லை.

"வாயாலை சொன்னது காணாது" என்றான். "எழுதித் தா. உன்ரை பேப்பரிலை போடு. என்ரை பேரையும் போடு, லூக்கின்ரை பேரையும் போடு. ரூம்மேட் எண்டு எழுதாதை."

உள்ளே மேசையில் லூக் மூன்று தட்டு வைத்துவிட்டு, சாப்பிடாமல் காத்திருந்தார். நான் இருந்து சாப்பிட்டேன்.

ஊருக்கெல்லாம் கடிதம் எழுதுகிறவனுக்கு இந்தப் பத்தியை எழுத மூன்று நாள் எடுத்தது. ஒட்டாவாக்காரருக்கு எத்தனை வருடம் எடுக்குமோ தெரியாது. அதற்காக நானும் காத்திருக்க முடியாது.

தேவன், லூக் – நான் செய்தது பிழை. அந்தக் கோப்பின் மூன்றாம் பக்கத்தில் கறுப்பு மைக்குக் கீழே இருப்பது, இந்தப் பத்தியின் தலைப்புக்குக் கீழே வாராவாரம் அச்சாகிற பெயர்தான்.